இருட்டு மண்டபத்தைப் படம் பிடித்த கேப்டன்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருமலை நாயக்கர் கட்டியது. உச்சி வெயில் நேரத்தில்கூட அதன் உட்புறம் அரையிருட்டாகவே இருக்கும். மின்விளக்கோ ஃபிளாஷோ இல்லாத 1858-ஆம் ஆண்டில், அந்த இருட்டுக்குள் கேமராவைக் கொண்டுபோய் வரிசை வரிசையான தூண்களைப் படம் எடுத்தார் ஒருவர். அவர் பெயர் கேப்டன் லின்னேயஸ் டிரைப்.

இங்கிலாந்தின் டெவன்போர்ட் என்னும் துறைமுக ஊரில் 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் டிரைப் பிறந்தார். இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். பிறகு விடுமுறையில் தாய்நாடு சென்றபோது, அப்போது புதிதாகப் பரவி வந்த புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டார். இந்தியா திரும்பியதும் பேளூர், ஹளேபீடு கோயில்களைப் படம் எடுத்தார். 1855-இல் சென்னையில் நடந்த கண்காட்சியில் அந்தப் படங்களுக்குப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பர்மாவுக்கு அனுப்பிய தூதுக்குழுவோடு டிரைப்பும் சென்று, இருநூறுக்கும் மேற்பட்ட படங்களோடு திரும்பினார். 1856-இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக் கலைஞராக நியமித்தது.

1857-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தென்னாட்டுப் பயணம் புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை என்று ஊர் ஊராகச் சென்றார். நம் ஆரப்பாளையத்தை ஒட்டி ஓடுகிறதே வைகை, அந்த ஆற்றையும் அதைக் கடந்து ஊருக்குள் வரும் தரைப்பாலத்தையும் படம் எடுத்தார். தெப்பக்குளம், விளக்குத்தூண், நாயக்கர் மகால் ஆகியவற்றையும் எடுத்தார். வெளியே எடுத்த படங்களுக்கு வெயில் துணை நின்றது. மண்டபத்துக்குள் என்ன செய்வது?

இதைப் புரிந்துகொள்ள, தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குடம் நிரம்புவது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. குழாயை எவ்வளவு திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம், குடம் எவ்வளவு பெரியது. கேமராவிலும் இப்படித்தான். வெளிச்சம்தான் தண்ணீர். லென்சில் உள்ள துளையின் அளவு குழாயின் திறப்பு. இதை அப்பர்ச்சர் என்பார்கள். ஷட்டர் திறந்திருப்பதுதான் நேரம். வெளிச்சத்தை உணரும் திறன்தான் குடம். இன்றைய கேமராவில் இதை ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணால் குறிப்பார்கள். அந்த எண்ணைக் கூட்டினால் குடத்துக்குப் பதில் செம்பை வைத்தது போல, சீக்கிரம் நிரம்பிவிடும்.

டிரைப்பிடம் இருந்ததோ மிகப் பெரிய குடம்! அவர் பயன்படுத்தியது மெழுகு தோய்த்து, வெள்ளி உப்பு பூசிய காகிதம். நல்ல வெயிலில்கூட அதில் படம் பதிய நிமிடக் கணக்கில் ஆகும். சரி, லென்சின் துளையைப் பெரிதாக்கலாமே? ஆக்கினால், பக்கத்துத் தூண் தெளிவாக இருந்தால் தூரத்துத் தூண் மங்கிப் போகும். எல்லாத் தூண்களும் தெளிவாக வேண்டுமென்றால் துளை சிறிதாகத்தான் இருக்க வேண்டும். மிச்சம் இருப்பது ஒரே வழி, நேரத்தைக் கூட்டுவது. கனமான கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்துவார், லென்சின் மூடியைக் கையால் கழற்றுவார், பொறுமையாகக் காத்திருப்பார். வெளிச்சத்தை அளக்கும் கருவி கிடையாது. கண்ணும் அனுபவமும்தான் கணக்கு. குறுக்கே நடந்து போகிறவர்கள் அந்தப் படத்தில் பதியவே மாட்டார்கள். கல்தூண் அசையாது, ஆகவே அது மட்டும் பதியும். அவருடைய படங்கள் பெரும்பாலும் ஆள் அரவமற்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியிலும் ஒரு சிக்கல் இருந்தது. கட்டடம் நன்றாகப் பதிவதற்குள் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதற்காக டிரைப் நெகட்டிவ் மீது தூரிகையால் மேகங்களை வரைந்து சேர்த்தார்! தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டினார்.

ஆனால் இந்த வேலை நீடிக்கவில்லை. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இதை வீண் செலவு என்று கருதினார். 1860-இல் டிரைப்பின் புகைப்படப் பிரிவு மூடப்பட்டது. அதன்பின் டிரைப் கேமராவைத் தொட்டதே குறைவு. படைப் பணியில் தொடர்ந்து, ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். 1902-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள், பிறந்த ஊரிலேயே காலமானார்.

வீண் செலவா அது? அவர் மதுரைக்கு வந்தபோது நாயக்கர் மகால் சிதைந்து கிடந்தது. பின்னர் நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்தபோதுதான் அது செப்பனிடப்பட்டது. அதற்கு முன் மகால் எப்படி இருந்தது என்பதை இன்று நாம் டிரைப்பின் படங்களில் பார்க்கலாம். 2014, 2015 ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்கள் அவருடைய படங்களைப் பெரிய கண்காட்சியாக வைத்தன.

வீட்டில் கேமராவோ கைபேசியோ இருந்தால் கார்த்திகை தீபத்தன்று ஒரு சோதனை செய்து பாருங்கள். ஃபிளாஷைப் போடாதீர்கள், அது விளக்கின் அழகைக் கெடுத்துவிடும். அசையாத அகல்விளக்கை எடுக்கும்போது கேமராவை ஸ்டூலின் மேல் வைத்து, ஐ.எஸ்.ஓ. எண்ணைக் குறைத்து, நேரத்தைக் கூட்டுங்கள். டைமர் வைத்தால் விரல் பட்டு அசையாது. மத்தாப்பு சுற்றும் தம்பியை எடுக்க வேண்டுமா? அவன் நிற்க மாட்டான். அப்போது நேரத்தைக் குறைத்து, ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும், பரவாயில்லை. இருட்டில் ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்துகொண்டு காத்திருந்தார் டிரைப். அதனால்தான் அந்தத் தூண்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.