பி.சி.பி. தந்த பால் ஐஸ்லர்

லேப்பில் நாம் பெர்ரிக் குளோரைடில் ஊறப்போடும் போர்டுக்குப் பின்னால் ஒரு அகதியின் கதை இருக்கு.

1907-ல் வியன்னாவில் பிறந்தார் பால் ஐஸ்லர். இன்ஜினியரிங் முடித்தும், யூதர் என்பதால் சரியான வேலை கிடைக்கலை. அச்சுத் தொழில் கற்றார். 1936-ல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்து, லண்டனில் வாடகை அறையிலேயே அச்சிட்ட தாமிரக் கோடுகளால் ஒரு ரேடியோ செய்தார். ஒயர் இணைக்கும் பெண்களுக்குக் கூலி மலிவு என்று ஒரு கம்பெனி அதை ஒதுக்கியது. நெசவு வீட்டுப் பிள்ளையான எனக்கு அந்தக் கணக்கு நல்லாவே புரியும்.

1941-ல் வேறொரு கம்பெனியில் சேர்ந்தபோது, ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டு உரிமையை இழந்தார். 1943-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1992-ல் மறைந்தார். இன்று அவர் வழியில்தான் வீட்டிலேயே மெல்லிய கோடு போடுகிறோம்.

எங்க வீட்டுக் கைநாட்டு என்னோடு முடிஞ்சுது. ஆனா, படிச்ச நாமும் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அதுவும் கைநாட்டுதான்!