பெயர்தான் சர்வாதிகாரி!



சாயங்காலம் ஒர்க்‌ஷாப் முடிந்ததும் காக்கி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கிரவுண்டுக்கு ஓடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பீலே, மாரடோனா என்றால் பத்து நிமிடம் மூச்சு விடாமல் பேசுவார்கள். ஆனால் நம் நாட்டு மாணவர்களிடம் இந்த ஆட்டத்தைக் கொண்டு சேர்த்தவர் யார் என்று நான் கேட்டபோது ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவர்தான் இந்தியக் கால்பந்தின் தந்தை எனப்படும் நாகேந்திர பிரசாத் சர்பாதிகாரி. நம் தமிழில் சொன்னால் சர்வாதிகாரி! பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். குணத்தில் அதற்கு நேர் எதிரானவர்.

1869-ஆம் ஆண்டு வங்காளத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். அப்பா பெரிய டாக்டர். 1877-இல், சிறு பையனாக இருந்தபோது, அம்மாவோடு கங்கையில் குளிக்கப் போகும் வழியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பந்தாடுவதைப் பார்த்தாராம். தன் பக்கம் உருண்டு வந்த பந்தைத் திருப்பி உதைத்தாராம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கடைசிவரை விடவில்லை.

ஹேர் பள்ளியில் கூடப் படித்த பசங்களிடம் காசு வசூல் செய்து ஒரு பந்து வாங்கினார்கள். அதில் ஒரு வேடிக்கை. வாங்கி வந்தது கால்பந்தே இல்லை, முட்டை வடிவ ரக்பி பந்து! பக்கத்திலிருந்த பிரசிடென்சி கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் இதைக் கவனித்து, சரியான பந்தைக் கொடுத்து, ஆடவும் சொல்லிக் கொடுத்தார். லண்டனில் கால்பந்துக்கு முறையாகச் சட்டம் எழுதியதே 1863-இல்தான். பதினாலே வருஷத்தில் நம் பள்ளிப் பையன்கள் அதை ஆட ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு பிரசிடென்சி, மெடிக்கல் காலேஜ், ஷிப்பூர் இன்ஜினியரிங் காலேஜ் என்று கல்லூரி கல்லூரியாக ஆட்டம் பரவியது. ஆமாம் தோழர்களே, நம்மைப் போல டெக்னிக்கல் படித்தவர்களும் அந்த முதல் வரிசையில் இருந்தார்கள்!

நாகேந்திரர் பல கிளப்புகளைத் தொடங்கினார். அதில் ஒன்று வெலிங்டன் கிளப். அங்கேதான் அவருக்குச் சோதனை வந்தது. மணி தாஸ் என்ற இளைஞரைக் கிளப்பில் சேர்க்க விரும்பினார். மணி தாஸ் மண்பானை செய்யும் குயவர் வீட்டுப் பிள்ளை. மேல்சாதி உறுப்பினர்கள் முடியவே முடியாது என்று நின்றார்கள். நாகேந்திரர் நினைத்திருந்தால் ஒரு பையனை விட்டுக்கொடுத்துக் கிளப்பைக் காப்பாற்றியிருக்கலாம். அவர் கிளப்பையே கலைத்துவிட்டார்!

அதன்பின் பிறந்ததுதான் சோவாபஜார் கிளப். அதில் மணி தாஸுக்கு இடம் கிடைத்தது. 1892-இல் அந்தக் கிளப் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே ரெஜிமென்ட் என்ற வெள்ளையர் படை அணியை 2-1 என்று தோற்கடித்தது. ஆங்கிலேய அணியை ஓர் இந்திய அணி வென்றது அதுதான் முதல் தடவை. 1911-இல் மோகன் பகான் அணி பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பத்தொன்பது வருஷம் முன்பே பாதை போட்டது இவர்கள்தான். 1940-இல் நாகேந்திரர் காலமானார்.

இதே காலத்தில் நம்ம மயிலாப்பூரிலும் ஒருவர் இருந்தார். லஸ்ஸில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு. 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்து, நம் ஆட்களைக் கிரிக்கெட்டில் வெள்ளையருக்குச் சமமாக நிற்க வைத்தார். அவர் பெயரில் இன்றும் போட்டி நடக்கிறது. ஆனால் நாகேந்திரர் இரண்டு சண்டை போட்டார். வெளியே வெள்ளைக்காரனோடு, உள்ளே சொந்த ஆட்களோடு. இரண்டாவதுதான் கஷ்டம் என்பது என் கருத்து. எதிரியை எதிர்த்தால் கை தட்டுவார்கள். நண்பனை எதிர்த்தால் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

எனக்கு அவரைவிட மணி தாஸைப் பற்றிய நினைப்புதான் அதிகம். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஒரு கதவு நமக்காகத் திறப்பதும் மூடுவதும் எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்தக் கதவு மூடியிருந்தால் நல்ல ஆட்டக்காரர் ஒருவர் பானைச் சக்கரத்தோடு நின்றிருப்பார், நமக்கும் பெயர் தெரிந்திருக்காது.

பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் மணலில் வெறுங்காலோடு பிரமாதமாக ஆடும் பசங்களைப் பார்க்கிறோம். நம் கிளாஸிலும் பூட்ஸ் வாங்க வசதியில்லாமல் கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த தடவை டீம் பிரிக்கும்போது, கேப்டன்களே, யார் பையன், எந்த ஊர், என்ன பூட்ஸ் என்று பார்க்காதீர்கள். ஆட்டத்தைப் பாருங்கள். நாகேந்திரருக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.