எல்.கே.ஜி.யில் உள்ள அந்த 'ஜி'

நம் வீட்டுப் பிள்ளைகள் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று படியேறிப் போகிறார்கள். அதில் வரும் 'ஜி' என்றால் தோட்டம் என்பதை நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? கிண்டர்கார்டன் என்ற ஜெர்மன் சொல்லுக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். அந்தப் பெயரைச் சூட்டியவர் ஃபிரெடரிக் ஃப்ரோபெல். நில அளவை, கட்டடக்கலை என்று அலைந்த மனிதர் என்பதால் ஒரு வகையில் அவர் நம்ம ஆள்தான்!

ஃப்ரோபெல் 1782-இல் ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஒரு வயது நிறையும் முன்பே தாயை இழந்தார். சிற்றன்னையின் வீட்டில் அன்பு கிடைக்கவில்லை. பத்து வயதில் தாய்மாமன் அழைத்துப் போய் வளர்த்தார். பதினைந்து வயதில் வனக்காவலர் ஒருவரிடம் தொழில் பழகினார். பிறகு யேனா பல்கலைக்கழகம். அங்கே கடன் கட்ட முடியாமல் சில வாரம் மாணவர் சிறையில்கூட இருந்தார். அப்புறம் நில அளவை வேலை. 1805-இல் கட்டடக்கலை படிக்க ஃபிராங்க்ஃபர்ட் போனவர், அங்கே வாத்தியார் ஆகிவிட்டார். சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாஜியின் பள்ளியில் இரண்டு வருடம், 1813-இல் நெப்போலியனுக்கு எதிரான போரில் தொண்டர் படை, பிறகு பெர்லினில் கனிமப் படிகங்களை ஆராயும் உதவியாளர் பணி. இன்றைக்கு இப்படி ஒரு பயோடேட்டாவை நீட்டினால் எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்?

ஆனால் ஒன்றும் வீண் போகவில்லை. 1837-இல், தமது 55-ஆம் வயதில், பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்கென்று ஒரு நிலையம் தொடங்கினார். 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். படிகம் ஆராய்ந்தவர் குழந்தைகள் கையில் உருண்டை, உருளை, கனசதுரக் கட்டைகளைக் கொடுத்தார். காட்டில் தொழில் பழகியவர் மண்ணைக் கொடுத்தார்.

தோட்டம் என்பது வெறும் உவமை இல்லை. அவர் திட்டப்படி ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி. அதில் குழந்தையின் பெயர்ப்பலகை. அந்தப் பாத்தியில் என்ன நடுவது என்பது குழந்தையின் இஷ்டம். சுற்றிலும் எல்லோருக்கும் பொதுவான பாத்திகள்; அவற்றைச் சேர்ந்துதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் கண்ணோடு இதைப் பாருங்கள். வெண்டை விதையை எண்ணிப் போட்டால் கணக்கு. சாண் அளந்து நட்டால் அளவியல். செடியின் பெயரை எழுதி வைத்தால் மொழி. முளை எட்டிப் பார்த்தால் அறிவியல். பக்கத்துப் பாத்திக்கும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் குடிமைப்பயிற்சி! இதில் எந்தப் பாடத்துக்கும் தனியாக மணி அடிக்கத் தேவையில்லை.

இந்தச் சாதுவான காரியத்தைக்கூட அரசாங்கம் விட்டுவைக்கவில்லை. 1851-இல் பிரஷ்ய அரசு, இவை நாத்திகமும் சமவுடைமையும் பரப்புகின்றன என்று சொல்லிக் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. அண்ணன் மகன் கார்ல் எழுதியதை இவர் எழுதியதாகக் குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம். தடை நீங்குவதைப் பார்க்காமலேயே 1852 ஜூனில் ஃப்ரோபெல் கண்மூடினார். 1860-இல்தான் தடை நீங்கியது. அதற்குள் அவர் பயிற்சி கொடுத்த பெண்கள் அந்த முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டு போயிருந்தார்கள்.

நம்மிடம் வந்து சேர்ந்தது என்னவோ பெயர் மட்டும்தான். சிமெண்ட் தரை, நான்கு சுவர், மூன்றரை வயதில் கைவலிக்க வீட்டுப்பாடம். தடை போட யாரும் இல்லாமலேயே தோட்டத்தை நாமே எடுத்துவிட்டோம்.

படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எடுத்த பிரிவு ஒன்று, கிடைத்த வேலை வேறு என்று கலங்க வேண்டாம், ஃப்ரோபெலை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய மாணவர்களுக்கு ஒரு யோசனை. அவரவர் ஊரில் ஒரு பால்வாடிக்கு நான்கு பாத்தி வெட்டிக் கொடுப்போம். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். செலவு, ஒரு மண்வெட்டியும் கொஞ்சம் விதையும்தான். அடுத்த சந்திப்பில் யார் பாத்தியில் என்ன விளைந்தது என்று பேசிக்கொள்ளலாமே!