கல்லைத் தேடிப் போய் கலையைக் கண்டவர்

ஜப்பானியக் கலைப் பொருட்களை ஜப்பானுக்கு வெளியே பார்க்கணும்னா, முதலில் சொல்ல வேண்டிய இடங்களில் ஒன்று அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம். அங்கே ஆசியக் கலைப் பிரிவில் 30 வருஷம் வேலை பார்த்தவர் ஒரு தமிழர். அதுவும் நம்மள மாதிரி சயின்ஸ் படிச்சவர். பெயர் ஆனந்த குமாரசுவாமி.

1877 ஆகஸ்ட் 22 அன்று கொழும்பில் பிறந்தார். அப்பா சர் முத்து குமாரசுவாமி இலங்கைத் தமிழர், பெரிய வக்கீல், அரிச்சந்திரன் நாடகத்தை இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர். பொன்னம்பலம் ராமநாதனும் அருணாசலமும் ஆனந்தாவுக்கு அத்தை பிள்ளைகள். அம்மா எலிசபெத் பீபி இங்கிலாந்துக்காரர். பையனுக்கு ரெண்டு வயசு முடிவதற்குள் அப்பா இறந்துவிட்டார். அதனால் வளர்ந்தது, படித்தது எல்லாம் இங்கிலாந்தில்தான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நிலவியலும் தாவரவியலும் எடுத்து 1900இல் டிகிரி வாங்கினார். 1903இல் இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கே தலைவர் ஆனார். வயசு அப்போ 25, 26 தான். தோரியம் நிறைந்த ஒரு புது கனிமத்தைக் கண்டுபிடித்தார்; அதுக்கு தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள். 1906இல் டாக்டர் பட்டமும் வந்தது. இன்றைக்குப் பார்த்தா இது செட்டிலான லைஃப்.

ஆனா அந்த வேலையே அவரை வேறு பக்கம் இழுத்துவிட்டது. கல்லையும் மண்ணையும் ஆராய கிராமம் கிராமமாகப் போனவர், அங்கே கொல்லர், தட்டார், குயவர், நெசவாளர் வேலையைப் பார்த்தார். கப்பலில் வந்த மெஷின் சரக்கு அந்தத் தொழில்களை ஒவ்வொன்றாகச் சாகடிப்பதையும் பார்த்தார். கூட வந்த மனைவி எத்தல் கேமராவில் படம் எடுத்தார். பார்த்ததை எல்லாம் வைத்து, சிங்களர்களின் இடைக்காலக் கலை பற்றி 1908இல் பெரிய புத்தகம் போட்டார். அதையும் கை அச்சு இயந்திரத்தில், தானே பக்கத்தில் நின்று அச்சடிக்க வைத்தார். வெறும் 425 பிரதிகள். அதுக்கு அப்புறம் அவர் நிலவியல் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்து இந்தியா. 1910-11இல் அலகாபாத்தில் நடந்த பெரிய கண்காட்சியில் கலைப் பிரிவை ஏற்பாடு செய்தார். ஊர் ஊராகச் சுற்றி ராஜபுத்திர ஓவியங்களைச் சேர்த்தார். காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் கட்டினால் தன் சேகரிப்பு முழுவதையும் கொடுத்துவிடத் தயார் என்றார். யாரும் முன்வரவில்லை. முதல் உலகப் போர் வந்தது. அடிமை நாட்டுக்காரன் எதுக்கு பிரிட்டிஷ் படையில் சண்டை போடணும் என்று மறுத்துவிட்டு அமெரிக்கா போனார். 1917இல் டென்மன் ராஸ் என்பவர் அந்தச் சேகரிப்பை வாங்கி பாஸ்டன் மியூசியத்துக்குக் கொடுத்தார். கூடவே குமாரசுவாமியும் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அமெரிக்க மியூசியம் ஒன்றில் இந்தியக் கலைக்கு முதல் காப்பாட்சியர் அவர்தான்.

அவர் போன நேரத்தில் அந்த மியூசியத்தின் பெருமையே ஜப்பானியச் சேகரிப்புதான். அதைச் சேர்த்தவர்களைப் பார்த்தா நமக்கு ஆச்சரியமா இருக்கும். குமாரசுவாமி பிறந்த அதே 1877இல், கடல் உயிரினங்களை ஆராய ஜப்பான் போனவர் எட்வர்ட் மோர்ஸ் என்ற விலங்கியலாளர். போன இடத்தில் மண்பாண்டங்கள் மேல் ஆசை வந்து 5,000க்கும் மேல் சேர்த்துவிட்டார். ஓவியம், சிலை, வாள் என்று ஆயிரக்கணக்கில் சேர்த்த வில்லியம் பிகலோ டாக்டருக்குப் படித்தவர். இந்தப் பிரிவைக் கவனித்த ஜப்பானியர் ஒககுரா ககுசோ, கல்கத்தா வந்து தாகூர் குடும்பத்தோடு பழகியவர். 1909இல் திறந்த புதுக் கட்டடத்தில் ஜப்பானியக் கோயில் மாதிரியே ஒரு அறை கட்டி, மங்கலான வெளிச்சத்தில் புத்தர் சிலைகளை வைத்தார்கள்.

அந்தச் சிலைகளுக்கு மூலம் எது? புத்தருக்கு உருவம் கொடுத்ததே கிரேக்க பாணிதான் என்று ஐரோப்பிய அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குமாரசுவாமி 1927இல் அதை எதிர்த்து எழுதினார். மதுராவில் யட்சன் சிலைகள் செய்த நம்ம ஊர் சிற்பிகளிடமிருந்தே புத்தர் உருவம் வளர்ந்தது என்று சிலை சிலையாகக் காட்டி வாதாடினார். நடராஜர் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை அதுக்கும் முன்னாடியே, 1912இல், சென்னையிலிருந்து வந்த சித்தாந்த தீபிகையில் வந்துவிட்டது.

30 வருஷம் மியூசியத்தில் சம்பளம் வாங்கியவர், கடைசிக் காலத்தில் கலைப் பொருளைக் காட்சிக்கு வைப்பதே எதற்கு என்று கேட்டார். 1943இல் வந்த புத்தகத்துக்குத் தலைப்பே அந்தக் கேள்விதான். ஜப்பானியத் தேநீர்க் கிண்ணத்தை எடுத்துக்கோங்க. கையில் ஏந்திக் குடிக்கச் செய்தது அது. கண்ணாடிக்குள் போனால் அதன் சூடும் கனமும் நமக்குத் தெரியாது. பொருள் எதுக்காகச் செய்யப்பட்டது, செய்தவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று சொல்லித் தருவதுதான் மியூசியத்தின் வேலை, அழகா இருக்கு என்று பார்த்துவிட்டுப் போனால் போதாது என்பது அவர் கருத்து.

1947இல் வேலையை விட்டு இந்தியா திரும்பத் திட்டமிட்டிருந்தார். சுதந்திரம் கிடைத்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 9 அன்று பாஸ்டன் பக்கத்தில் நீதம் என்ற ஊரில் 70 வயதில் இறந்துபோனார்.

அவர் கேள்விக்கு வேலூர் கோட்டையிலேயே உதாரணம் இருக்கு. ஜலகண்டேஸ்வரர் கோயில் ரொம்ப காலம் பூஜை இல்லாமல், சிற்பம் பார்க்க வருபவர்களுக்கான இடமாகவே இருந்தது. 1981இல் லிங்கம் திரும்ப வந்தது. கல்யாண மண்டபத் தூண்கள் அதேதான், ஆனா இப்போ அங்கே மணியடிக்குது. அதே கோட்டையில் அரசு அருங்காட்சியகமும் இருக்கு. அங்கே சாமி சிலைகள் பூஜை இல்லாமல் நிற்கின்றன. ரெண்டையும் ஒரே நாளில் பார்த்தா அவர் என்ன கேட்டார் என்று புரியும்.

செய்தவர் பற்றிய கேள்விக்கு ஆம்பூர் போகணும். ஷூ கம்பெனியில் ஒருத்தர் தோலை வெட்டுவார், ஒருத்தர் அப்பர் தைப்பார், ஒருத்தர் சோல் ஒட்டுவார். பெட்டியில் வெளிநாட்டு பிராண்ட் பெயர் இருக்கும். சோழர் கால வெண்கலத்திலும் செய்தவர் பெயர் கிடையாது. ஆனா அந்த ஸ்தபதிக்கு முழுச் சிலையும் மனசில் இருந்தது. தைக்கிறவரின் கையை மட்டும் வாங்கிக்கொண்டு மூளையை கேட்டுக்கு வெளியே நிறுத்தும் வேலைமுறையைத்தான் குமாரசுவாமி கடைசிவரை எதிர்த்தார். கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து அந்த லைனை டிசைன் பண்ணப் போறவங்க நம்ம கிளாஸ்லயே இருக்காங்க. போறதுக்கு முன்னாடி இவரை ஒரு தடவை படிச்சிட்டுப் போகலாம்.