சுப்பாராவ்: சைட்டேஷன் கணக்கில் அடங்காத மனுஷன்

ஃபைனல் இயர் வந்தாச்சு. புராஜெக்ட்டை ஒரு பேப்பராக்கி எங்கயாவது போட்டுடணும்னு எல்லாரும் ஓடிட்டு இருக்கோம். கைடு யாருன்னு தெரிஞ்சதும் முதல் வேலையா கூகுள் ஸ்காலரில் அவர் பெயரைத் தட்டுறோம். எத்தனை பேப்பர், எத்தனை சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவுன்னு பார்க்கிறோம். பார்க்கிறதுல தப்பில்லை. ஆனா அந்த நம்பர் ஒருத்தரைப் பற்றி எதைச் சொல்லும், எதைச் சொல்லாம விடும்னு தெரிஞ்சுக்க, எல்லாப்பிரகட சுப்பாராவ் வாழ்க்கையை ஒரு தடவை படிச்சுப் பார்க்கலாம்.

1895 ஜனவரி 12-ல் பீமாவரத்தில் பிறந்தார். இன்னிக்கு அது ஆந்திராவில் இருக்கு, அன்னிக்கு மெட்ராஸ் மாகாணம். படிப்பில் ஆள் ஒண்ணும் ரேங்க் ஹோல்டர் இல்லை. சின்ன வயசுல காசிக்குப் போய் யாத்திரை வர்றவங்களுக்கு வாழைப்பழம் வித்துப் பணக்காரன் ஆகலாம்னு வீட்டை விட்டு ஓடினவர். அம்மா வெங்கம்மா விடல, பிடிச்சு இழுத்துட்டு வந்து மறுபடி பள்ளிக்கூடத்தில் உட்கார வச்சாங்க. மெட்ரிகுலேஷனை மூணாவது முயற்சியில், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படிச்சு பாஸ் பண்ணினார். அப்புறம் பிரசிடென்சி கல்லூரி. ராமகிருஷ்ணா மிஷனில் சேர்ந்து சாமியாராகப் போறேன்னு ஒரு கட்டத்தில் நின்னார். அம்மா சம்மதிக்கலை. 1915-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

காந்தி சொன்னதைக் கேட்டு ஆபரேஷன் தியேட்டருக்கும் கதர் உடையில் போனார். சர்ஜரி பேராசிரியருக்கு அது பிடிக்கலை. கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்கலை, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கைக்கு வந்தது. அரசு மருத்துவ வேலையும் அமையலை. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு சொல்லிக் கொடுத்தார். அதே காலத்தில் கூடப் பிறந்தவரை ஸ்ப்ரூ என்கிற வயிற்றுப்போக்கு நோய் பலி வாங்கியது. சாப்பிடுற எதுவும் உடம்பில் ஒட்டாமல் ஆளை உருக்கிக் கொல்ற நோய் அது. இதுக்கு மருந்து கண்டுபிடிக்கணும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் அவரைப் பிடிச்சது.

1920-களின் தொடக்கத்தில் கடன் உடன் வாங்கி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவ டிப்ளமா படிச்சார். செலவுக்கு ஆஸ்பத்திரியில் இரவுநேர எடுபிடி வேலை. டிப்ளமா முடிஞ்சதும் அங்கேயே உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்தார்.

1925-ல் இவங்க ரெண்டு பேரும் ஜர்னல் ஆஃப் பயலாஜிகல் கெமிஸ்ட்ரியில் ஒரு பேப்பர் போட்டாங்க. 26 பக்கம். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்குன்னு அளக்கிற வழி. ஐடியா எளிமையானது. அமிலக் கரைசலில் மாலிப்டேட்டைச் சேர்த்தால் அது பாஸ்பேட்டைப் பிடிச்சுக்கும். ஒரு ஒடுக்கும் பொருளைச் சேர்த்தால் கரைசல் நீலமாகும். பாஸ்பேட் கூடக்கூட நீலம் அடர்த்தியாகும். அந்த நிறத்தை அளந்தால் அளவு தெரிஞ்சுடும். பயோடெக், கெமிக்கல் படிக்கிறவங்க லேபில் கலரிமீட்டரை வச்சு இந்த நீலத்தை இன்னிக்கும் அளந்துட்டுதான் இருக்காங்க.

ஃபிஸ்கே–சுப்பாராவ் முறைன்னு பெயர் நிலைச்சுப் போச்சு. பல ஆயிரம் சைட்டேஷன். அந்த ஜர்னலின் வரலாற்றிலேயே அதிகம் சைட்டேஷன் வாங்கிய பேப்பர்களில் இது ஒன்று. காரணம் என்னன்னா, யார் பாஸ்பேட்டை அளந்தாலும் செய்முறைப் பகுதியில் இந்தப் பேப்பரைக் குறிப்பிட்டாகணும். 2014-ல் நேச்சர் இதழ் உலகத்தில் அதிகம் சைட்டேஷன் வாங்கிய 100 பேப்பர்களைப் பட்டியல் போட்டப்பவும் பெரும்பாலும் இதே கதைதான். முதலிடம், புரதத்தை அளக்க லௌரி குழு 1951-ல் எழுதிய பேப்பருக்கு. டி.என்.ஏ.வின் அமைப்பைச் சொன்ன வாட்சன், கிரிக் பேப்பருக்கு அந்த நூறில் இடமே இல்லை.

பாஸ்பரஸை அளக்கத் தெரிஞ்சதும் ரெண்டு பேரும் தசைக்குள்ளே தேடிப் போனாங்க. 1927-ல் பாஸ்போகிரியேட்டின் கிடைச்சது. 1929-ல் ஏ.டி.பி. ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே வருஷம் ஏ.டி.பி.யை அறிவிச்சிருந்தார், அவர் கொஞ்சம் முந்திக்கிட்டார். நாம கை அசைக்கிறதுல இருந்து பரீட்சை எழுதுறது வரை எல்லாத்துக்கும் சக்தி தருவது அந்த மூலக்கூறுதான். இன்னிக்கு ஏ.டி.பி. பற்றி எழுதுற யாரும் 1929 பேப்பரைக் குறிப்பிடுறது கிடையாது. பாடப்புத்தகத்துக்குள் போனதும் சைட்டேஷன் நின்னுடும். ரொம்ப ஜெயிச்ச வேலைக்கு எண்ணிக்கை குறையுற விசித்திரம் இது.

1930-ல் பி.ஹெச்.டி. வாங்கினார். ஆனா ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கலை. அந்தத் துறையில் அப்போ மாணவராக இருந்து, 1988-ல் நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் பின்னாளில் ஒரு விஷயத்தை வெளியே சொன்னார். சுப்பாராவ் பிரிச்செடுத்த சில பொருட்களை ஃபிஸ்கே பொறாமையால் வெளியே வரவிடலை, அதையெல்லாம் வேற ஆளுங்க பல வருஷம் கழிச்சு மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாச்சுன்னு. வெளிவராத பேப்பருக்கு சைட்டேஷன் ஏது?

1940-ல் நியூயார்க் மாநிலத்து பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். அதுக்கப்புறம் எட்டே வருஷம்தான் உயிரோட இருந்தார். அந்த எட்டு வருஷத்தில் நடந்ததைப் பாருங்க.

முதலில் ஃபோலிக் அமிலம். கல்லீரலில் இருக்கிற இந்தச் சத்தைப் பிரிச்செடுத்து, அமைப்பைக் கண்டுபிடிச்சு, செயற்கையாகவும் தயாரிச்சது அவர் குழு. 1946-ல் சயின்ஸ் இதழில் வந்த பேப்பரில் 16 பேர் பெயர். சுப்பாராவ் பெயர் ஏழாவது. லெடர்லிக்காரங்க பெயரை அகரவரிசையில் போட்டிருந்தாங்க, தலைவரும் அந்த வரிசையில்தான் நின்னார். ஸ்ப்ரூவில் வர்ற ரத்தசோகைக்கும் இந்த ஃபோலிக் அமிலம் கேட்டது. சென்னையில் ஆரம்பிச்ச தேடல் இப்படித்தான் முடிஞ்சது. கர்ப்பமா இருக்கிற அக்காவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்தோட சேர்த்துத் தர்ற மாத்திரையில் இருப்பதும் இதுதான்.

அடுத்து அதுக்கு நேர் எதிரான மருந்துகள். ஃபோலிக் அமிலம் மாதிரியே வேஷம் போட்டு, செல் பெருகுறதைத் தடுக்கிற அமினாப்டெரின் லெடர்லியில் உருவாச்சு. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை லுக்கீமியா வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்குத் தற்காலிகமாகவாவது நோய் தணிஞ்சது. அதுவரை அந்த நோய்க்கு ஒரு மருந்தும் கிடையாது. 1948 ஜூனில் வந்த அந்தப் பேப்பரில் ஐந்து பெயர்கள். சுப்பாராவ் பெயர் அதில் இல்லை. அதே குடும்பத்து மெத்தோட்ரெக்சேட்தான் இன்னிக்கும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் எழுதித் தர்றாங்க.

மூணாவது ஆரியோமைசின், முதல் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக். கண்டுபிடிச்சவர்னு பெயர் வாங்கினவர் பெஞ்சமின் டக்கர். ரிட்டயர் ஆகி எழுபதைத் தாண்டிய தாவரவியல்காரரைக் கூப்பிட்டு மண்ணில் தேடச் சொன்ன கம்பெனியில், அந்தத் தேடலை நடத்தினவர் சுப்பாராவ்.

நாலாவது நம்ம ஊர் கதை. குமரி மாவட்டம் யானைக்கால் நோய் இருந்த மாவட்டங்களில் ஒன்று. 2004-ல் நாடு முழுக்க ஒழிப்புத் திட்டம் வந்தப்ப, வருஷத்துக்கு ஒரு தடவை வீடு வீடா வந்து முன்னாலேயே விழுங்கச் சொல்லிக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரத்தத்தில் சுத்துற குட்டிப் புழுக்களை அது அழிச்சுடும். அப்போ கொசு கடிச்சாலும் அடுத்த ஆளுக்குக் கொண்டுபோக ஒண்ணும் இருக்காது. 1947-ல் லெடர்லியில் உருவான மருந்து அது. அந்தப் பேப்பரில் ஆசிரியர் வரிசையின் கடைசியில் சுப்பாராவ் பெயர் இருக்கு. மாத்திரையை விழுங்கின நம்ம ஆச்சிமார் யாரும் அந்தப் பேப்பரை சைட் பண்ணலை. பண்ண வேண்டிய அவசியமும் இல்லை.

1948 ஆகஸ்டில் தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து இறந்தார். வயசு 53. இந்தியர்களும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கலாம்னு 1946-ல் சட்டம் வந்த பிறகும் அவர் வாங்கலை. சீக்கிரம் திரும்பி வர்றேன்னு மனைவி சேஷகிரியிடம் சொல்லிட்டுக் கிளம்பினவர், திரும்பவே இல்லை. பிறந்த பையனும் கைக்குழந்தையிலேயே போயிட்டான். அந்தம்மா காத்திருந்த வருஷங்களுக்கும் எந்த லிஸ்டிலும் இடம் கிடையாது. 1995-ல் நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசிஸ்னு பெயர் இருக்கு.

ஆக, அவர் பெயரைத் தேடினால் மேலே வர்றது நீல நிறத்தை அளக்கிற பேப்பர். அது நல்ல வேலைதான், அது இல்லாம ஏ.டி.பி.யே கிடைச்சிருக்காது. ஆனா ஒரு குழந்தையின் உயிரை நீட்டிச்ச வேலை வேறொருத்தர் பெயரில் இருக்கு. ஒரு மாவட்டத்தின் கால்களைக் காப்பாத்தின வேலை வெறும் மாத்திரையா இருக்கு.

நம்ம புராஜெக்ட் பேப்பரை அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் செய்வோம் மக்கா. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ரீடிங் எடுத்த டீம் மேட், மெஷினைச் சரிபண்ணிக் கொடுத்த லேப் அண்ணன், இவங்க பெயர் பேப்பரில் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுவோம். நம்பர் ஏறுதோ இல்லையோ, அது நம்ம கையில இருக்கிற விஷயம்.