வாணலி பிடித்த மருத்துவர்

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர் போர்க்களத்தை நாடுவர்; அரசியல் மேடையை நாடுவர்; என்னைப் போன்ற அறிவியல் மாணவராயின் ஆய்வுக்கூடத்தை நாடுவர். அடுப்பங்கரையை நாடுவோர் மிகக் குறைவு. அங்கே புகழ் பெற்ற ஓர் அம்மையாரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு.

அல்சூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நம்மவர் மாலையில் பசியோடு திரும்பும்போது, தெருமுனை வண்டியில் முதலில் நம் மூக்கைப் பிடித்து இழுப்பது எது? கோபி மஞ்சூரியனும் சில்லி சிக்கனும் அல்லவா? இவற்றையே நாம் சீன உணவு என்று நம்பி உண்கிறோம். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. சோதனைக்கு எடுத்த மாதிரிகள் பலவற்றில் உடலுக்கு ஒவ்வாத நிறங்கள் கலந்திருந்தன. அந்தச் செய்தி வந்த நாள்களில்தான், சீனச் சமையல் என்பது உண்மையில் யாது என்று தேடத் தொடங்கினேன். தேடிய வழியில் எதிர்ப்பட்டவர் புவெய் யாங் ஜாவ் அம்மையார். அவர் சமையற்காரர் அல்லர். மருத்துவர்.

1889 நவம்பர் 25ஆம் நாள் சீனத்து நான்ஜிங் நகரில், யாங் என்னும் பெருங்குடும்பத்தில் அவர் பிறந்தார். பாட்டனார் யாங் வென்ஹுய் சாதாரண மனிதர் அல்லர். 1866இல் பௌத்த நூல்களை மரப்பலகையில் செதுக்கி அச்சிடும் பதிப்பகம் ஒன்றை நான்ஜிங்கில் நிறுவியவர். சீனத்தில் மறைந்துபோன நூல்களை ஜப்பானிலிருந்து தேடி வரவழைத்துப் பதிப்பித்தவர். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த நம் உ.வே. சாமிநாதையரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அத்தகைய பாட்டனாரின் நிழலில் வளர்ந்தது பெண்ணுக்கு நற்பேறாயிற்று. மகப்பேறு இல்லாத சித்தப்பா குடும்பத்துக்கு அவளைக் கொடுத்துவிட்டார்கள். பிறக்கும் முன்பே உறவினர் மகன் ஒருவனுக்கு நிச்சயமும் செய்துவிட்டார்கள்! வயது வந்ததும் அந்த நிச்சயத்தைத் தாமே எழுதி முறித்தார் புவெய். அந்நாளில் அது சிறு செயல் அன்று. பாட்டனார் அவர் பக்கம் நின்றார். புவெய் என்னும் பெயரும் பெற்றோர் இட்டதன்று, பள்ளித் தோழி ஒருத்தி இட்டது. எழுத்துக்கு எழுத்து பொருள் கொண்டால் நடை என்றும் பெருமை என்றும் வரும். பெருநடை என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

1913இல் மருத்துவம் படிக்க ஜப்பான் சென்றார். தோக்கியோ மகளிர் மருத்துவக் கல்லூரி, யோஷியோகா யாயோய் என்னும் பெண் மருத்துவர் 1900இல் தொடங்கியது. பாடம் பிடித்தது, சோறு பிடிக்கவில்லை. ஜப்பானிய விடுதி உணவு அவருக்குத் தொண்டையில் இறங்கவே இல்லை. வீட்டில் அடுப்புப் பக்கம் போயறியாத செல்வக் குடும்பத்துப் பெண், பசியின் காரணமாகச் சட்டியைக் கையில் எடுத்தார். வேற்றூரில் படிக்க வந்த நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. அம்மா செய்யும்போது எட்டிக்கூடப் பார்க்காத ரசத்தை, தொலைபேசியில் கேட்டுக் கேட்டு வைத்துப் பார்த்தவர்கள்தாமே நாம்!

தந்தையார் அழைத்ததால் 1919இல் தாயகம் திரும்பினார். வந்து சேர்வதற்குள் தந்தையார் மறைந்துவிட்டார். துயரத்தோடு நின்றுவிடாமல், உடன் படித்த லி குவான்ஜோங் என்னும் தோழியோடு சேர்ந்து பெய்ஜிங்கில் சென்ரென் மருத்துவமனையைத் தொடங்கினார். மகளிர் நோய்களுக்கான மருத்துவமனை அது. மேலை மருத்துவம் பயின்று தொழில் நடத்திய சீனப் பெண்களின் முதல் தலைமுறையில் இவர்கள் இருவரும் அடங்குவர். வயது முப்பது, சொந்த மருத்துவமனை, தலைநகரில் பெயர். வாழ்க்கை ஒரு வழியில் நேராகச் சென்றுகொண்டிருந்தது.

அப்போது வந்தவர் யுவான் ரென் ஜாவ். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, ஹார்வர்டில் தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்று, கார்னெலில் பௌதிகம் கற்பித்து, பிறகு மொழியியலில் இறங்கிப் பெரும்புகழ் பெற்றவர். 1920இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சீனத்துக்கு விரிவுரையாற்ற வந்தபோது மொழிபெயர்ப்பாளர் இவரே. ரஸ்ஸலின் மொழிபெயர்ப்பாளருக்கு மருத்துவமனையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அடிக்கடி அங்கே வேலை வந்தது!

1921 ஜூன் 1ஆம் நாள் இருவரும் மணந்தனர். திருமணம் நடந்த விதம் கேளுங்கள். நண்பர் இருவரை விருந்துக்கு அழைத்தனர். ஒருவர் அறிஞர் ஹூ ஷி, மற்றவர் மணமகளின் தோழி. சமைத்தவர் மணமகளே. உண்டு முடித்ததும் தம் கையால் எழுதிய மணப்பத்திரத்தை எடுத்து வைத்து, சட்டத்துக்காக வருவாய் வில்லை ஒட்டி, நண்பர் இருவரையும் சாட்சிக் கையெழுத்து இடச் சொன்னார்கள். சடங்கு இல்லை, சீர்வரிசை இல்லை. பரிசு அனுப்ப விரும்புவோர் வாழ்த்து மடல் அனுப்பலாம், அல்லது சீன அறிவியல் கழகத்துக்கு நன்கொடை தரலாம் என்று அறிவித்துவிட்டார்கள். நம் நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்தது 1967இல் என்பதை எண்ணினால் இதன் துணிவு விளங்கும்.

ஆனால் அந்த ஆண்டே கணவருக்கு ஹார்வர்டில் கற்பிக்கும் வாய்ப்பு வந்தது. புவெய் மருத்துவமனையை விட்டுக் கப்பல் ஏறினார். இந்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. பெருநடை போட்ட பெண் கணவர் பின்னே நடந்துவிட்டாரே என்று தோன்றுகிறது. அவர் இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு சமையல் நூலின் முன்னுரையில் வெளிப்படும்.

மகளிர் நால்வர் பிறந்தனர். 1925இல் குடும்பம் சீனம் திரும்பியது. கணவர் சிங்ஹுவாவில் ஆசிரியரானார். வட்டார வழக்குகளை ஆராய அவர் ஊர் ஊராகச் சென்றபோது புவெய் உடன் சென்றார். கணவர் சொல் சேர்த்தார். மனைவி சுவை சேர்த்தார். ஓர் ஊரில் மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று அவர் குறித்துக்கொண்டபோது, அதே ஊரில் கோழியை எப்படி அரிகிறார்கள், அடுப்பை எப்படி எரிக்கிறார்கள் என்று இவர் கண்டுகொண்டார். ஜப்பானியப் படையெடுப்பால் 1938இல் மீண்டும் நாட்டை விட்டு வெளியேறினர். ஹவாய், யேல், பிறகு மறுபடியும் ஹார்வர்டு.

அந்நாளைய அமெரிக்காவை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சீனத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டம் 1882இல் வந்து 1943இல்தான் நீங்கியது. நீங்கிய பிறகும் ஆண்டுக்கு 105 பேருக்கே இடம். சீன உணவென்று அமெரிக்கர் அறிந்ததெல்லாம் உணவுக்கடைகளின் சாப் சூயி. போர்க்காலத்தில், 1943 முதல், இறைச்சிக்கும் பங்கீடு வந்தது. சிறிதளவு இறைச்சியோடு நிறையக் காய்கறி சேர்த்து நொடியில் ஆக்கும் சீனச் சமையலுக்கு அதைவிட நல்ல காலம் வாய்க்குமா? ஹார்வர்டு வட்டாரத்துச் சீன மாணவர்களுக்கெல்லாம் புவெய் வீட்டு மேசை தாய்வீடாயிற்று.

1945இல் நியூயார்க் ஜான் டே நிறுவனம் அவருடைய நூலை வெளியிட்டது. சீன முறையில் சமைப்பதும் உண்பதும் எப்படி என்பது அதன் பொருள், தலைப்பும் அதுவே. இருநூறுக்கு மேற்பட்ட பண்டங்கள். நோபல் பரிசு பெற்ற பேர்ல் பக் முன்னுரை தந்தார். சாட்சிக் கையெழுத்திட்ட ஹூ ஷி, அதற்குள் அமெரிக்காவில் சீனத் தூதராக இருந்து ஓய்ந்தவர், அணிந்துரை தந்தார். உலக அமைதிக்கான நோபல் பரிசையே இவ்வம்மையாருக்குக் கொடுக்கலாம் என்னும் அளவுக்குப் போனார் பேர்ல் பக்.

ஆனால் நூலாசிரியரோ வெட்கப்படுகிறேன் என்று தொடங்குகிறார். மருத்துவராகிய தாம் நோயாளிகளைக் கவனிக்காமல் சமைத்துக்கொண்டிருப்பது முதல் வெட்கம். நூலைத் தாம் எழுதவில்லை என்பது இரண்டாவது. அவருக்கு ஆங்கிலம் போதிய அளவு வாராது. அவர் சீனத்தில் சொன்னதை மூத்த மகள் ரூலான் ஆங்கிலமாக்கினார். கணவர் அதைத் திருத்துகிறேன் என்று வேடிக்கை நடையாக மாற்றினார். தாயும் மகளும் சொல்லுக்குச் சொல் சண்டையிட்டதையும் மறைக்கவில்லை. படிப்போர் நகைச்சுவை என்று சிரிப்பர். எனக்கு அந்த முதல் வெட்கத்தில் சிரிப்பு வரவில்லை. விட்டு வந்த மருத்துவமனை அங்கே நிற்கிறது.

அந்நூலில் சமையல் முறைகள் இருபது வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றுக்குச் சீனத்தில் சாவ் என்று பெயர். (அம்மையாரின் குடும்பப் பெயரும் இதுவும் அமெரிக்கர் காதுக்கு ஒன்றே, நம் காதுக்கோ நல்ல சொல்லாகவே ஒலிக்காது. உச்சரிப்பிலும் இசையிலும் இரண்டும் வேறு வேறு.) பெருந்தீ, சிறிதளவு எண்ணெய், நறுக்கிய பொருள், ஓயாத கிளறல், விரைந்த முடிவு, இவ்வளவும் அந்த ஓரசைச் சொல்லில் அடக்கம். ஆங்கிலத்தில் அதற்குச் சொல் இல்லை. ஸ்டர் ஃப்ரை என்று ஒரு சொல்லை அந்த வீட்டார் ஆக்கினார்கள். பெரும்பங்கு கணவருடையது என்பர். ஆனால் எதற்குச் சொல் வேண்டும் என்று காட்டியவர் மனைவி அல்லவா? ஆங்கிலம் அறியாத ஒரு பெண்ணின் அடுப்பிலிருந்து பிறந்த அச்சொல் இன்று ஆங்கில அகராதிகளில் எல்லாம் இருக்கிறது.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? வதக்கல் பொருந்தாது, அது இளந்தீயில் காய் துவளும்வரை செய்வது. பொரியலில் நீர் தெளித்து மூடுகிறோம். கிளறிவறுவல் என்று நான் எழுதிக்கொள்கிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் நண்பர்கள் தெரிவிக்கலாம்.

இதில் உள்ள பௌதிகம் எளியது. இறைச்சியின் மேற்பரப்பு ஏறத்தாழ 140 செல்சியஸ் பாகையைத் தாண்டினால்தான் மையார் வினை விரைந்து நிகழ்ந்து பழுப்பும் மணமும் உண்டாகும். வாணலியில் நீர் தேங்கினால் 100 பாகைக்கு மேல் ஏறாது. 1 கிராம் நீரை அறைவெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்கு அதை ஆவியாக்க ஆகிறது. இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய நான், முதன்முதலில் அரைக்கிலோ கோழியையும் ஒரேயடியாக வாணலியில் கொட்டினேன். அது தன் நீரிலேயே குளித்து வெளுத்து, கறியும் ஆகாமல் குழம்பும் ஆகாமல் நின்றது.

பிறகு கற்றுக்கொண்ட முறை இது; அம்மையார் நூலில் உள்ளபடி அன்று, ஒற்றை அடுப்பு உள்ள அறைக்கு ஏற்றபடி. இருவருக்கு எலும்பில்லாத கோழி 250 கிராம். நாரின் குறுக்கே மெல்லிய துண்டுகளாக அரிந்து, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, மக்காச்சோள மாவு ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் சிறிது சேர்த்துப் பிசிறிக் கால்மணி நேரம் வைக்க வேண்டும். மாவு மேலே ஒரு மெல்லிய உறையாகி உள்ளிருக்கும் சாற்றைக் காக்கும். பீன்ஸ், கேரட், குடைமிளகாய், வெங்காயத்தாள் எல்லாம் சேர்ந்து கோழியின் எடைக்கு மேலேயே இருக்கலாம். அடுப்பு மூட்டும் முன்பே அத்தனையும் நறுக்கித் தட்டில் இருத்தல் வேண்டும். மூட்டிய பின் எதையும் தேட நேரமில்லை. நம் இரும்பு வாணலியே போதும். அது நன்றாகக் காய்ந்த பின் ஒன்றரைக் கரண்டி எண்ணெய். கோழியை இரு பகுதியாக இட்டு, முதல் அரை நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு கிளறி எடுத்துவிட வேண்டும். அதே வாணலியில் இஞ்சி, பூண்டு, வேகக் கடினமான காய் முதலாக ஒவ்வொன்றாக. மூன்று நிமிடத்தில் கோழி மறுபடியும் உள்ளே செல்லும். தடித்த துண்டு ஒன்றைப் பிளந்து பார்த்து, நடுவில் இளஞ்சிவப்பு இல்லாவிட்டால் இறக்கலாம். வெப்பமானி வைத்திருப்போர் 74 பாகை பார்த்துக்கொள்ளலாம். உப்புப் போட வேண்டா. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு கிராமுக்கு உட்பட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சிவப்பு நிறம் எதுவும் வேண்டா என்று சொல்ல வேண்டியதில்லை. தீயில் இருக்கும் நேரம் பத்து நிமிடத்துக்கும் குறைவு.

நூல் வெளிவந்த இரண்டாண்டில், 1947இல், அம்மையாரின் தன்வரலாறும் வந்தது. அதே ஆண்டு குடும்பம் கலிபோர்னியாவின் பெர்க்லியில் நிலைகொண்டது. அமெரிக்காவில் அவர் மருத்துவத் தொழில் செய்யவில்லை. 1973இல் கணவரோடு சீனம் சென்று முதுமையில் ஒருமுறை தாய்நாட்டைக் கண்டார். பிரதமர் சூ என்லாய் அவர்களை வரவேற்றார். 1974இல், எண்பத்தைந்தை நெருங்கும் வயதில், சீன உணவுக்கடைகளில் என்ன கேட்டு எப்படி உண்பது என்று இன்னொரு நூல் எழுதினார். தாயோடு சொல்லுக்குச் சொல் வாதாடிய ரூலான் அதே ஆண்டு ஹார்வர்டில் பேராசிரியராக உயர்ந்தார்.

1981 மார்ச் 1ஆம் நாள் பெர்க்லியில் புவெய் அம்மையார் காலமானார். வயது தொண்ணூற்றொன்று. கணவர் அதன்பின் ஓராண்டுகூட முழுதாக இருக்கவில்லை. 1982 பிப்ரவரியில் அவரும் மறைந்தார்.