காலின் சாப்மன்

சிவகாசித் தீப்பெட்டியைப் பிரித்துப் பார்ப்போர் அதனுள் சட்டமோ ஆணியோ காணார். மெல்லிய அட்டையை மடித்து ஒட்டியதே பெட்டி. தோலே எலும்பின் வேலையையும் செய்கின்றது. இவ்வமைப்பைப் பந்தய மோட்டார் வண்டியில் நிலைநாட்டிய ஆங்கிலப் பொறியியலறிஞர் காலின் சாப்மன் என்பாரின் வரலாற்றை, நம் கலாசாலையில் பௌதிகமும் கணிதமும் பயிலும் மாணவர் பொருட்டு ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றோம்.

அவர் 1928-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் இலண்டனையடுத்த ரிச்மண்டில் பிறந்தார். தந்தையார் ஹார்ன்ஸி என்னுமிடத்தில் விடுதியொன்றை நடத்தி வந்தார். இலண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜில் கட்டட அமைப்புப் பொறியியல் கற்கையில், மாணவர் விமானப் பிரிவிற் சேர்ந்து விமானமோட்டவும் பழகினார். பாலங் கட்டுவோர் கணக்கும் விமானஞ் செய்வோர் சிக்கனமும் இவ்வாறு ஒருவரிடத்தே கூடின. 1948-இல் பழைய ஆஸ்டின் செவன் வண்டியொன்றைக் கொண்டு தம் முதல் வண்டியைச் செய்தார். பிற்காலத்து மனைவியாராகிய ஹேஸல் அம்மையாரின் பெற்றோர் வீட்டுக் கொட்டகையே பட்டறை. 1952-இல் அவ்வம்மையார் கடனாகத் தந்த 25 பவுனை முதலாக வைத்து, தந்தையின் விடுதிக்குப் பின்னிருந்த குதிரை லாயத்தில் லோட்டஸ் கம்பெனி தொடங்கிற்று. லோட்டஸ் எனின் தாமரை. பெயரேனும் நம்மவர்க்கு அந்நியமன்று.

வேகம் வேண்டினோர் பெரிய எஞ்சினைத் தேடிய காலத்தில் சாப்மன் எடையைக் குறைக்க முற்பட்டார். எஞ்சினின் வலிமை நேர்ச்சாலையில் உதவும். எடைக் குறைவோ எங்கும் உதவும்: வண்டி விரைந்து கிளம்பும், விரைந்து நிற்கும், வளைவிலே டயர் இழுபடுவதும் குறையும். 1957-இல் வெளிவந்த லோட்டஸ் செவன் எஃகுக் குழாய்க் கூட்டின்மேல் அலுமினியத் தகடு போர்த்தது. எடை ஏறத்தாழ 500 கிலோ. நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாஸடரோ ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்டது. முழு வண்டிக்கு விதிக்கப்பட்ட வரி பாகங்களுக்கு இன்மையால், வாங்குவோர் பாகங்களைப் பெற்றுத் தம் வீட்டிலேயே பூட்டிக்கொண்டனர். மழைக்கும் வெயிலுக்கும் காப்பு மிகக் குறைந்த அவ்வண்டியை மக்கள் ஏன் விரும்பினர்? சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் ஓட்டுவோன் கைக்கு உடனே தெரியும். கை நினைத்ததை வண்டியும் உடனே செய்யும். சித்திரை வெயிலில் அதிலேறி விருதுநகரிலிருந்து சிவகாசி செல்வோர் பாடு வேறு!

1962-இல் வந்த எலான் 700 கிலோவுக்கும் உட்பட்டது. நடுவே முதுகெலும்பு போன்ற எஃகுச் சட்டம். மேலே கண்ணாடி நாரினாலாகிய உடல். ஸ்பிரிங்குகளை மெதுவாகவும் சட்டத்தை விறைப்பாகவும் அமைத்தமையால், வண்டி குலுங்காமலும் டயர் தரையை விடாமலும் ஓடிற்று. அவ்வாண்டிலேயே லோட்டஸ் 25 என்னும் பந்தய வண்டியும் தோன்றியது. தீப்பெட்டியிற் கண்ட முறை இதுவே: குழாய்க் கூட்டை நீக்கி, மெல்லிய அலுமினியத் தகட்டையே சுமை தாங்கச் செய்தார். அதிலேறி ஜிம் கிளார்க் 1963-இல் உலக வெற்றி பெற்றார். 1978-க்குள் லோட்டஸ் ஏழு முறை உலகப் பட்டம் அடைந்தது.

இனிக் கூறுவது கசப்பானது. 1969-இல் ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் இரண்டு லோட்டஸ் வண்டிகளின் உயர்ந்த இறக்கைகள் முறிந்தன. காயமுற்ற யோகன் ரிண்ட், வண்டி தாம் நம்பத்தக்க உறுதியுடையதாக வேண்டுமெனச் சாப்மனுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு மோன்ஸாவில், பயிற்சியோட்டத்தின்போது பிரேக்குத் தண்டு முறிய, வண்டி பாதையோரத் தடுப்பில் மோதி அவரே இறந்தார். தடுப்புச் செவ்வனே அமைக்கப்படாததும் ஒரு காரணமென்பர். ஆயினும் முறிந்தது சாப்மன் வண்டியின் தண்டேயன்றோ? அவ்வாண்டின் உலகப் பட்டம் இறந்தவருக்கே கிடைத்தது. மருந்தை அளந்து இடித்து வாழும் நம் பகுதியார்க்கு, எவ்வளவு போதும் என்னும் கேள்வியின் கனத்தை நாம் விளக்க வேண்டுவதில்லை. சாப்மனின் மதிநுட்பத்தைப் போற்றும் நாம் இவ்விடத்தில் அவருக்காக வாதாடத் துணியோம்.

அவர் 1982 டிசம்பர் 16-இல், 54-ஆம் வயதில் மாரடைப்பால் மாண்டார். டிலோரியன் கம்பெனிக்கு அரசாங்கம் ஈந்த பொதுப்பணத்தில் ஒரு பகுதி மறைந்த வழக்கில் அவர் கணக்கதிகாரி 1992-இல் சிறை புகுந்தார். சாப்மன் உயிரோடிருப்பின் பத்தாண்டேனும் சிறை பெற்றிருப்பார் என்பது நீதிபதியின் கருத்து.

2011-இல் ஜெர்மனிப் பந்தயத்தில் லோட்டஸ் பெயர் தாங்கிய வண்டியை ஓட்டியவர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். செவன் வண்டியைச் செய்யும் உரிமை 1973-இலேயே கேட்டரம் கம்பெனிக்குச் சென்றுவிட்டது. அக்கம்பெனியார் வேண்டுவோர்க்கு அதனை இன்றும் பாகங்களாகவே விற்று வருகின்றனர்.